கிளைக்குக் கிளை மூன்று எண்ணில் பேச்சு: ஃப்ரீபிபிஎக்ஸ் 17 நெல்லைக் கடைகளுக்குச் சரிவருமா?

நெல்லையில் தலைமைக் கடை. தென்காசி, அம்பை, சங்கரன்கோவில், வள்ளியூரில் கிளைகள். இப்படிப்பட்ட வியாபாரத்தில் கிளைக்குக் கிளை மூன்று எண் அழுத்திப் பேச, ஒரு பிசியையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றும் ஃப்ரீபிபிஎக்ஸ் 17 என்ற மென்பொருள் தாராளமாகப் போதும். மென்பொருளுக்குக் காசு கிடையாது, அடியில் ஓடுவது ஆஸ்டரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் எஞ்சின். கிளைக்கு ஒரு சின்ன பிசி, ஐபி போன்கள், தலைமைக் கடையில் மட்டும் ஒரு ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) இருந்தால் வேலை ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கும் மாட்யூல் எதுவும் இதற்கு வேண்டாம்.

ஆனால் பெட்டியைத் தொடுமுன் எண்களைப் பேப்பரில் எழுதிவிட வேண்டும். எஸ்டிடி கோடின் கடைசி எண்ணையே கிளை எண்ணாக வைப்பது நம் பக்கத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. நெல்லை 0462, ஆகவே 2. தென்காசி 04633, அது 3. அம்பை 4, சங்கரன்கோவில் 6, வள்ளியூர் 7. தென்காசி பில்லிங் 312, நெல்லை குடோன் 215. யாருக்கும் பட்டியல் ஒட்டிக் காட்ட வேண்டியதில்லை. 1-ல் எதையும் தொடங்காதீர்கள், 100, 108, 112 எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வெளி லைனுக்கு 0 வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், மூன்று எண் வந்ததும் அனுப்பிவிடு என்று போனின் டயல் பிளானில் போட்டிருக்கும்போது, 6, 7-ல் தொடங்கும் மொபைல் நம்பர்கள் மூன்றாவது எண்ணிலேயே அறுந்து உள்ளே போய்விடும்.

அடுத்தது நெட்வொர்க். எல்லாக் கிளையிலும் ரவுட்டர் 192.168.1 என்றே வந்திருந்தால் கிளைகளை இணையம் வழியே ஒரே தனி நெட்வொர்க்காகச் சேர்க்கும் விபிஎன் ஒருக்காலும் சரியாக ஓடாது. இங்கேயும் கிளை எண்ணையே வைக்கலாம்: 192.168.2, 192.168.3 என்று. கிளைகளில் பெரும்பாலும் பொது ஐபி கிடைக்காது என்பதால் வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பைக் கிளையிலிருந்து நெல்லைக்குத் தொடங்கச் செய்து, இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்-அலைவை 25 விநாடி வையுங்கள். ஜி.711 என்ற குரல் வடிவத்தில் ஒரு அழைப்புக்கு, விபிஎன் சுமையோடு சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட் சொச்சம் ஆகும். இன்றைய ஃபைபருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கனெக்டிவிட்டி மெனுவில் பிஜெசிப் டிரங்க் (இரு பெட்டிகளுக்கு இடையே அழைப்பு போகும் பாதை) ஒன்று சேர்த்து, எதிர்முனையின் விபிஎன் ஐபியைக் கொடுங்கள். ஆஸ்டரிஸ்க் 21-லேயே சான்-சிப் என்ற பழைய இணைப்பு முறை நீக்கப்பட்டுவிட்டதால் பழைய வழிகாட்டிகளில் வரும் பியர் டீட்டெய்ல்ஸ் இங்கே எடுபடாது. பிறகு அவுட்பவுண்ட் ரூட், அதாவது எந்த எண் எந்த டிரங்கில் போக வேண்டும் என்ற விதி. தென்காசியில் 2எக்ஸ்எக்ஸ், 4எக்ஸ்எக்ஸ், 6எக்ஸ்எக்ஸ், 7எக்ஸ்எக்ஸ் என்று நான்கு பேட்டர்ன் (எக்ஸ் என்றால் எந்த எண்ணும்). எண்ணின் முன்னால் சேர்க்கும் பிரிபெண்ட், வெட்டும் பிரிஃபிக்ஸ் இரண்டும் காலி. ரூட்டில் இன்ட்ரா-கம்பெனி என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் குடோன் போனில் டிரங்கின் நம்பருக்குப் பதில் 312 என்று தெரியும். இந்தச் சின்ன விஷயத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எடுக்கும் முன்பே ‘தென்காசி கவுண்டர்’ என்று தெரிவதில்தான் இந்த ஏற்பாட்டின் பாதிப் பயன் இருக்கிறது.

உண்மையான சிக்கல் டிரங்கின் கான்டெக்ஸ்டில், அதாவது உள்ளே வரும் அழைப்பு எங்கெங்கே போகலாம் என்ற அமைப்பில். தென்காசிக்காரர் சங்கரன்கோவிலை அழைத்தால் அது நெல்லை வழியாகத்தான் போக வேண்டும். நெல்லையில் ஃப்ரம்-டிரங்க் என்று இருந்தால் நெல்லை எக்ஸ்டென்ஷன்கள் (உள் போன்கள்) மட்டும் அடிக்கும், சங்கரன்கோவில் அடிக்காது. உடனே ஃப்ரம்-இன்டர்னல் என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் வேலை செய்யும். கூடவே எந்தக் கிளையும் நெல்லையின் வெளி லைனில் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்றும் ஆகிவிடும். பில் ஏறுவது ஒருபுறம். இன்டர்நெட்டில் வந்த அழைப்பை வேறு ஊர் வெளி லைனில் இறக்குவதற்குத் தொலைத்தொடர்பு விதிகளில் கட்டுப்பாடும் உண்டு. சரியான வழி, கஸ்டம் எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்பில் தனியாக ஒரு கான்டெக்ஸ்ட் எழுதுவது. 2, 3, 4, 6, 7-ல் தொடங்கும் மூன்று இலக்கத்தை மட்டும் ஃப்ரம்-இன்டர்னலுக்குத் தள்ளிவிடும் ஒரே வரி போதும். கிளை டிரங்குகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இதைத் திரையிலேயே ஒரு டிக்கில் செய்ய வசதி தராதது இந்த மென்பொருளின் பெரிய குறை.

ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால், சிப் செட்டிங்ஸில் லோக்கல் நெட்வொர்க்ஸ் பட்டியலைப் பாருங்கள். கிளைகளின் ஐபி வரிசை அங்கே இல்லாவிட்டால் ஆஸ்டரிஸ்க் எதிர்முனைக்குத் தன் பொது ஐபியைச் சொல்லும், குரல் வழி தவறிப் போகும். எடுத்துப் பேசி 32 விநாடியில் அழைப்பு அறுந்தால், ‘எடுத்தாயிற்று’ என்ற செய்திக்குப் பதில் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரில், அழைப்புச் செய்திகளை இடையில் மாற்றும் சிப் ஏஎல்ஜியை அணையுங்கள். ஒரு கிளை முழுதும் திடீரென்று செத்துப்போனால், தவறான பாஸ்வேர்டு உள்ள ஒரே போனால் ஃபயர்வால் அந்த ஐபியையே தடுத்திருக்கக்கூடும். விபிஎன் ஐபிகளை டிரஸ்டட் ஜோனில் சேர்த்து, இன்ட்ரூஷன் டிடெக்‌ஷனின் விலக்குப் பட்டியலிலும் போட்டுவிடுங்கள்.

சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்பதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ரூட்டின் கடைசியில் ‘கஞ்செஷன்’ (பாதை கிடைக்காத நிலை) வந்தால் எங்கே போக வேண்டும் என்று கேட்கும். நெல்லைப் பெட்டியில் அங்கே கிளை மேனேஜரின் மொபைலை மிஸ்க் டெஸ்டினேஷனாகக் கொடுத்துவிட்டால், 312 அழுத்தினாலும் அவர் செல்போன் அடிக்கும்.