‘டீடூர்’: ஒரே ஆளின் வாக்குமூலத்தைப் பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன்

முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். குற்றம் படத்தின் மேல் இல்லை, என் கைக்கு வந்த பிரதியின் மேல்தான். 1945-ல் வெளியான ‘டீடூர்’ காப்புரிமை விட்டுப்போன ஹாலிவுட் படம். அதனால் யார் வேண்டுமானாலும் நகலெடுத்தார்கள், விற்றார்கள், இணையத்தில் ஏற்றினார்கள். எனக்குக் கிடைத்தது நகலுக்கு நகலுக்கு நகல். இரவுக் காட்சியில் ஒரு தொப்பியும் அதற்குக் கீழே பாதி நெற்றியும் தெரியும், மீதியெல்லாம் கரி. வசனத்துக்குப் பின்னால் எண்ணெய் கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் விடாமல் ஓடும்.

ஒரு வாரம் கழித்து மீதியைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒன்பது பத்து தடவை ஆகியிருக்கும். பெரும்பாலும் யாராவது ஒருவரை உட்கார வைத்துக்கொண்டுதான். மொத்தமே 68 நிமிடம் என்பதால் ஆளைப் பிடித்து உட்கார வைப்பது சுலபம். என் ரசனையை மெச்சுவார்கள் என்று கூப்பிடுவதில்லை. இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

கதை தெரியாதவர்களுக்கு (முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்): நியூயார்க்கில் பியானோ வாசிக்கும் அல் ராபர்ட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்ட காதலி சூவைத் தேடி, வழியில் வருகிற வண்டிகளை மறித்து லிஃப்ட் கேட்டுக்கொண்டே போகிறான். ஹாஸ்கெல் என்பவன் ஏற்றிக்கொள்கிறான். வழியில் அவன் செத்துப்போகிறான். ‘நான் கொல்லவில்லை, ஆனால் யார் நம்புவார்கள்’ என்று சொல்லிக்கொண்டே உடலை ஒதுக்குப்புறமாகப் போட்டுவிட்டு, அவன் சட்டை, பணம், காரோடு அல் கிளம்புகிறான். மறுநாள் வழியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்கிறான். அவள் வேரா. ஹாஸ்கெலின் காரில் முன்பே பயணம் செய்தவள்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் கால் மணியில் கட்டாயம் சிரிப்பார்கள். காதலர்கள் இருவரும் நியூயார்க் தெருவில் நடக்கிறார்கள். தெருவே இல்லை, வெறும் பனிமூட்டம்தான். செட் போடக் காசில்லாமல் புகையைப் போட்டு மறைத்திருக்கிறார்கள். நடுநடுவே ஒரு விளக்குக் கம்பமும் பெயர்ப் பலகையும் எட்டிப் பார்க்கும். பிறகு அல் லிஃப்ட் கேட்கும் காட்சிகளில் அமெரிக்கச் சாலையில் கார்கள் இடப்பக்கமாக வரும், ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். பிலிமையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவன் மேற்கே போகிறான், வரைபடத்தில் மேற்கு இடப்பக்கம், ஆகவே திரையிலும் வண்டி வலமிருந்து இடமாகப் போயாக வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது உறைக்காது. நானே நான்கு தடவை பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன், அதுவும் இன்னொருவர் சொல்லி.

இந்தச் சிக்கனத்தைப் பற்றி ஒரு புராணமே உண்டு. ஆறே நாளில் எடுத்தது என்பார்கள். இயக்குநர் எட்கர் உல்மரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். பிற்பாடு ஆவணங்களைத் தோண்டியவர்கள், படப்பிடிப்பு அதைவிட நிறைய நாள் நடந்தது, செலவும் சொல்லப்பட்டதைவிடப் பல மடங்கு என்று காட்டிவிட்டார்கள். பி.ஆர்.சி. என்ற அந்தக் கம்பெனி ஹாலிவுட்டின் கடைசிப் படிக்கட்டு என்பது மட்டும் நிஜம். என்னைக் கேட்டால், ஆறு நாள் கதை படத்துக்குக் கெடுதலே செய்தது. ‘ஆறு நாளில் இவ்வளவா!’ என்று வியந்துவிட்டு எழுந்து போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஏழைப் பிள்ளை பாஸானதற்குக் கைதட்டுகிற மாதிரி.

எனக்கு இந்தப் படத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டியது ஒரு வக்கீல் நண்பர். அவருக்கு மூன்றாவதோ நான்காவதோ ஆளாகக் காட்டினேன். ஹாஸ்கெல் சாகும் இடம் வந்தது. மழை. அல் கார்க் கதவைத் திறக்கிறான், சாய்ந்திருந்தவன் சரிந்து விழுந்து தலை கல்லில் மோதுகிறது. நண்பர் கையைத் தூக்கினார். “நிறுத்துங்க. இதை யார் பார்த்தா?”

“அல்தான் சொல்றான்.”

“அவன் மட்டுந்தானே சொல்றான்? இதுல செத்தவன் வாயத் திறக்க முடியாது. அப்புறம் இன்னொருத்தி சாவான்னு வைங்க, அதுக்கும் இவன்தான் சாட்சி சொல்வான்.”

அவர் அதுவரை படத்தைப் பார்த்ததில்லை. வேராவும் சாகிறாள். இரண்டு சாவு, இரண்டும் ‘தவறுதலாக’.

அன்றிலிருந்து படம் எனக்கு வேறாகிவிட்டது. அல் ஒவ்வொரு காட்சிக்கும் மேலே பேசிக்கொண்டே இருக்கிறான். எல்லாம் விதி, எல்லாம் என் நேரம். ஆரம்பத்தில் கிளப்பில் அவன் வாசிப்பைக் கேட்டு ஒருவர் பத்து டாலர் கொடுப்பார். அதற்குக்கூட அவன் முகம் மலராது. கிருமி ஊரும் காகிதம் என்று அலுத்துக்கொள்வான். நல்லது நடந்தாலும் புலம்புகிறவன், கெட்டது நடந்ததை எப்படிச் சொல்வான்? மார்ட்டின் கோல்ட்ஸ்மித் 1939-ல் எழுதிய மூல நாவலில் காதலியும் தன் பங்குக்குக் கதை சொல்வாள். திரைக்கதையும் அவரே எழுதியதுதான், ஆனால் படத்தில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது அல் ஒருவன்தான். இப்படிப் பார்த்தால் பனிமூட்டத்துக்கும் ஒரு நியாயம் வந்துவிடுகிறது. அந்த நியூயார்க் அவன் ஞாபகத்தில் இருக்கும் நியூயார்க், தனக்கு வேண்டிய விளக்குக் கம்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டான். உல்மர் இதையெல்லாம் யோசித்து எடுத்தாரா, காசில்லாமல் எடுத்தாரா என்று கேட்டால், காசில்லாமல்தான். அதனால் என்ன?

மறுகட்சியும் உண்டு. என் அக்காவுக்கு இந்த வாதம் பிடிக்கவே இல்லை. “போலீஸுக்குப் பயந்தவன் அப்படித்தான்டா உளறுவான். பாவம், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவனைத் தூக்குல போடப் பாக்குறீங்க” என்றாள். ஆனால் அவள் கவனித்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. “அந்தப் பொண்ணு இருமுறதப் பாத்தியா? அவளுக்கு ரொம்ப நாள் இல்ல. அதான் அந்தக் கோபம்.”

வேராவாக நடித்த ஆன் சாவேஜுக்காகத்தான் இந்தப் படம் பிழைத்திருக்கிறது. காரில் ஏறியதும் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். அல் அவளைப் பார்த்து ஏதோ இளகிப்போய்ப் பேசிக்கொண்டிருப்பான். சட்டென்று கண் திறக்கும். உடம்பு நிமிர்வதற்கு முன் முகம் திரும்பிவிடும். பிணத்தை எங்கே போட்டாய் என்பது கேள்வி. அந்த இடத்தில் சிரித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அதுவரை அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் கைப்பேசியைக் கீழே வைப்பதும் அங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. கிளப் பாட்டுக் காட்சி இன்றைக்கும் எனக்குக் கொட்டாவி வரவைக்கிறது. அத்தனை பெரிய பாலைவனத்தில் இவன் ஏற்றுவது இவளைத்தானா என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. செத்துப்போன ஹாஸ்கெலாகவே அல் நடித்து, சாகக் கிடக்கும் அவன் அப்பாவின் சொத்தைப் பிடுங்கும் திட்டம் வேறு நடுவில் வந்து இழுக்கிறது.

2018-ல் புதுப்பித்த பிரதி வந்தது. பெல்ஜியத் திரைக்காப்பகத்தில் இருந்த பழைய பிலிம்தான் முக்கிய ஆதாரம். அதில் பதிந்திருந்த துணைத்தலைப்புகளை டிஜிட்டலில் அழித்தெடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். முதலில் ஏமாற்றம், அந்தக் கரியும் இரைச்சலும் இல்லாமல் யாரோ அந்நியர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. காருக்குப் பின்னால் திரையில் ஓடவிட்ட சாலைக் காட்சியின் போலித்தனமும் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் வேரா சாகும் காட்சிக்குப் பிறகு பழைய பிரதியைத் தொடவில்லை. குடித்துவிட்டு, போலீஸுக்குப் போன் செய்வேன் என்று தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொள்வாள். கதவிடுக்கில் வயர் வெளியே நீளும். அல் வெளியிலிருந்து இழுப்பான். உள்ளே அது அவள் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. கதவை உடைத்துப் போனதும் கேமரா அறையில் கிடக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும், ஒன்றில் தெளிந்து, மங்கி, அடுத்ததில் தெளியும். பழைய பிரதியில் எல்லாமே மங்கல் என்பதால் இப்படி ஒன்று நடப்பதே எனக்குத் தெரியாது.

போன மாதம் வக்கீல் நண்பர் மறுபடி வந்திருந்தார், அக்காவும் இருந்தாள். கடைசிக் காட்சி: இருட்டுச் சாலையில் அல் நடக்கிறான், என்றாவது ஒருநாள் நான் கைகாட்டாத கார் ஒன்று எனக்காக நிற்கும் என்கிறான், போலீஸ் கார் வந்து நிற்கிறது. குற்றவாளி தப்பக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி.

“அவன் ‘நிற்கும்’னுதானே சொன்னான்?” என்றார் நண்பர். “அப்ப அந்தக் கார் வந்துச்சா, வரலையா?”

அக்கா ரிமோட்டை எடுத்தாள். மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தோம்.