டர்பனில் போலி மாஸ்ஃபெட்: சாலிடர் வைக்கும் முன் சோதித்துவிடுங்கள்

டெஸ்லா காயில் (உயர் வோல்ட்டில் மின்பொறி பறக்கவிடும் கருவி) கட்டுகிறவர்கள், வெல்டிங் மெஷின் பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் கவனிக்கவும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் கடை ஒன்றில் நான் வாங்கிய பத்து ஐஆர்எஃப்பி460 மாஸ்ஃபெட்டும் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) போலி. 450 ராண்ட் போனதுகூடப் பரவாயில்லை. வெடித்துச் சிதறிய துண்டு என் தங்கை மகனின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு கராஜில் அவனும் நானும் சேர்ந்து கட்டிய காயில் அது. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 0.25 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 1,100 சுற்று. ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறாமல் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து அவனே சுற்றினான். ஒத்ததிர்வு, அதாவது காயில் இயல்பாக அதிரும் அலைவெண், 200 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்தது. கீழே, மாறி மாறித் திறந்து மூடும் இரண்டு மாஸ்ஃபெட் வைத்த அரைப் பாலம் என்ற சுற்று காயிலை ஓட்டும். இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை டிசி ஆக்கினால் 325 வோல்ட். ஐஆர்எஃப்பி460 தாங்குவது 500 வோல்ட், 20 ஆம்பியர். தாராளமாகப் போதும்.

முதலில் 30 வோல்ட்டில் ஓட்டினோம். கம்பி முனையில் ஊதா நிறத்தில் நூல் மாதிரி ஒரு பொறி. பையன் குதித்தான். அப்புறம் 100 வாட் பல்பைத் தொடரில் போட்டு வேரியாக்கை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெல்லத் திருப்பினேன். 150 வோல்ட்டைத் தாண்டியதும் படீரென்று வெடித்தது. பல்பு கட்டுப்படுத்துவது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டும்தான்; கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பதை அது தடுக்காது. கறுப்புத் துண்டு ஒன்று பின்னால் இருந்த அட்டைப்பெட்டியில் குத்தி நின்றது.

நான் என்னையே சந்தேகப்பட்டேன். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால்தான் கேட்; அதற்குச் சிக்னல் கொடுக்கும் கேட் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து மறுபடி சுற்றினேன், ஸ்கோப்பில் அலையைப் பார்த்தேன், இரண்டு வாரத்துச் சனி ஞாயிறும் அதிலேயே போனது. அடுத்த ஜோடியும் அதே வோல்ட்டில் வெடித்தது.

அதன் பிறகுதான் மிச்சம் இருந்த ஆறையும் காம்போனென்ட் டெஸ்டரில் வைத்தேன். கேட் கெப்பாசிட்டன்ஸ் 1,300 பிகோஃபாரட் காட்டியது. தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் இருப்பது 4,200. டெஸ்டர் குறைந்த வோல்ட்டில் அளப்பதால் அசல் சரக்கு அதற்கும் மேலேதான் காட்டும். கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து 5 ஆம்பியர் ஓட விட்டால் 1.35 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது, இதில் கிட்டத்தட்ட 4 இறங்கியது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தேன், எழுத்து கரைந்து வந்துவிட்டது. வெடித்ததில் ஒன்றைக் குறடால் உடைத்துப் பார்த்தால் உள்ளே உளுந்து அளவுக்குச் சில்லு. பழைய சர்வர் பவர் சப்ளையிலிருந்து எடுத்த செத்துப்போன அசலையும் உடைத்தேன், அதில் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. சின்னச் சில்லுக்குப் பெரிய சட்டை மாட்டி விற்றிருக்கிறார்கள்.

கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் நான் தப்பாக இணைத்தேன் என்றார். சாலிடர் படாத ஆறையும் மேசையில் வைத்து, டெஸ்டரையும் காட்டினேன். விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். கடைசியில், “விலையைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, அங்கிள்?” என்று கேட்டார். பில்லில் ‘ஒரிஜினல்’ என்று எழுதிக் கொடுத்தவரும் அவரேதான்.

இங்கே 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணமோ மாற்றுப் பொருளோ கேட்கலாம். பலகை மாட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. அதைச் சொல்லி, பில் நகலோடு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அடுத்து தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதப் போகிறேன்.

நகரத்தில் இந்த வருஷம் ஐஆர்எஃப்பி460 வாங்கியவர்கள் தயவுசெய்து டெஸ்டரில் வைத்துப் பாருங்கள். கேட் கெப்பாசிட்டன்ஸ் 4,200க்குக் கீழே காட்டினால் வீட்டு மின்சாரத்தில் மாட்டாதீர்கள். அளவையும் பில்லையும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்து அனுப்புகிறேன்.