கேஜ் பின் செட்: வீட்டுப் பட்டறைக்கு ‘இசட்-இசட் மைனஸ்’ போதுமா?

சின்ன ஓட்டையை வெர்னியரின் உள்தாடையால் அளந்து கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. தாடை நுனி கத்தி போலத் தெரிந்தாலும் அதில் ஒரு தட்டை இருக்கிறது. இரண்டு நுனிகளும் சேர்ந்து அரை மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், சரியாக 5.000 மி.மீ. உள்ள ஓட்டையை அது 4.975 என்று காட்டும். ஓட்டை சிறுக்கச் சிறுக்க இந்தப் பிழை கூடும். ஓட்டைக்குள் விரிந்து அளவைப் பிடித்துக்கொள்ளும் டெலஸ்கோபிக் கேஜ் செட்டுகள் பெரும்பாலும் 8 மி.மீ. அளவில்தான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே நம்பகமாக, கைப்பழக்கம் அதிகம் தேவைப்படாமல் வேலை செய்வது கேஜ் பின்தான்: துல்லியமான விட்டத்துக்குச் செய்த சிறு எஃகு உருளை, ஓட்டைக்குள் போகிறதா என்று விட்டுப் பார்ப்பதற்கு.

இங்கே பார்க்கப்போவது பலரும் முதலில் வாங்கும் செட்: 0.061 முதல் 0.250 அங்குலம் வரை, ஆயிரத்தில் ஒரு அங்குலப் படிகளில், மொத்தம் 190 பின்கள். ஒவ்வொன்றும் 2 அங்குல நீளம். பேரிங் எஃகில் செய்து, ராக்வெல் சி 60-ஐ ஒட்டிக் கடினப்படுத்தி, கிரைண்ட் செய்தவை. பெட்டியில் ஒவ்வொரு பின்னுக்கும் அளவு எழுதிய குழி உண்டு. தரம் ‘இசட்-இசட்’, வகை ‘மைனஸ்’.

இந்த இரண்டு சொற்களும் புரியாமல் செட்டை வாங்கக்கூடாது. இசட்-இசட் என்றால் பின்னின் விட்டம் 0.0002 அங்குலம், அதாவது 5 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) வரை விலகலாம். இசட் தரத்தில் அது 2.5 மைக்ரான், எக்ஸ் தரத்தில் 1 மைக்ரான். மைனஸ் என்றால் அந்த விலகல் முழுவதும் குறையும் பக்கம். 0.250 என்று எழுதிய பின் 0.2498 முதல் 0.2500 வரை இருக்கும், அதற்கு மேல் போகாது. பிளஸ் வகையில் இது தலைகீழ்.

இப்போது 0.249 உள்ளே போகிறது, 0.250 போகவில்லை என்றால் ஓட்டை எவ்வளவு? ‘0.249’ என்று எழுதிவிடுவது தவறு. அது 0.2488-க்கும் 0.2500-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதே உண்மை. ஒரு படி என்பது 25 மைக்ரான். இந்தச் செட்டின் மெய்யான நுணுக்கம் அதைச் சுற்றித்தான் நிற்கும். பின் உங்களுக்கு எண் தருவதில்லை, போகும் அல்லது போகாது என்ற பதிலைத்தான் தருகிறது.

வீட்டுப் பட்டறையில் மில்லிமீட்டர் ரீமர் (டிரில் போட்ட ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) வைத்திருப்பவர்களை இது நேரடியாகப் பாதிக்கும். 6 மி.மீ. எச்7 ஓட்டை (எச்7 என்பது ஓட்டை விட்டத்துக்கு அனுமதிக்கும் விலகலைக் குறிக்கும் தர வகுப்பு) 6.000 முதல் 6.012 வரை இருக்க வேண்டும். அங்குலச் செட்டில் அதற்கு அருகில் இருப்பவை 0.236 (5.994 மி.மீ.), 0.237 (6.020 மி.மீ.). முதலாவது போய், இரண்டாவது போகவில்லை என்றால் எச்7 சரியா தவறா என்று ஒன்றுமே தெரியாது. செட்டின் உண்மையான குறை இதுதான். பரிகாரம் இன்னொரு முழுச் செட் அல்ல. கையில் உள்ள ரீமர் அளவுகளுக்கு மட்டும் தனிப் பின்கள் வாங்குங்கள். 6 மி.மீ.க்கு ‘போக வேண்டிய’ பின்னாக 6.00 பிளஸ், ‘போகக்கூடாத’ பின்னாக 6.01 மைனஸ். 6.00 போய், 6.01 நின்றால் அந்த ஓட்டை எச்7-க்குள் இருப்பது உறுதி. 6.01-உம் போய்விட்டால் ரீமரையும் அது சுழலும்போது ஆடுவதையும் சந்தேகப்படுங்கள்.

பயன்படுத்தும் முறையில் பிழை வருவது பெரும்பாலும் அழுக்காலும் சூட்டாலும்தான். முதலில் ஓட்டை விளிம்பின் பிசிறை எடுங்கள். பிசிறு இருந்தால் சரியான பின்கூட வாயிலேயே நிற்கும். சீவலைத் துடைத்து, பின்னையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தொட்டு, இரண்டு விரலால் நேராக வைத்துத் தன் எடையில் இறங்க விடுங்கள். லேசாகச் சுழற்றலாம், அழுத்தக்கூடாது. ஜாப் (வேலை செய்யும் பொருள்) அப்போதுதான் லேத்திலிருந்து இறங்கியது என்றால் காத்திருங்கள். 12 மி.மீ. அலுமினிய ஓட்டை 20 டிகிரி கூடுதல் சூட்டில் 5 மைக்ரானுக்கு மேல் விரிந்திருக்கும். சூட்டில் உள்ளே நுழைந்த கேஜ் பின்னை, ஆறியதும் ஓட்டை பிடித்துக்கொள்ளும்.

அப்படிச் சிக்கினால் குறடால் திருகக்கூடாது, சுத்தியலும் கூடாது. பின் கீறுபடும், ஓட்டையும் கெடும். ஜாபை மட்டும் சூடாக்கி, பின்புறத்திலிருந்து பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளினால் வந்துவிடும். மறுபக்கம் திறக்காத ஓட்டையில் பின் சிக்காமலே சிக்கியது போல இருக்கும். உள்ளே அடைபட்ட காற்று அதைப் பிஸ்டன் மாதிரி மேலே தள்ளும், விரலால் அமுக்கினால் இறங்கி மறுபடி எழும். அது இறுக்கமல்ல. மாறாக, பொருத்தம் மிக நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

பின் 3 மி.மீ. இறங்கி நின்றால் அதுவும் ஒரு செய்திதான்: ஓட்டையின் வாய் அகன்றிருக்கிறது. மறுபக்கத்திலிருந்தும் விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் வாயில் மட்டும் போய் நடுவில் நின்றால் மணி வாய், ஒரு பக்கம் மட்டும் என்றால் டேப்பர், அதாவது ஓட்டை ஒரு முனை நோக்கிக் குறுகுகிறது. வெறும் டிரில் போட்ட ஓட்டை பல நேரம் மும்முனை வடிவில் இருக்கும். அதில் இரண்டு புள்ளியில் தொடும் கருவி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும், பின்னோ அதைவிடச் சிறியதுதான் நுழையும். அங்கே தண்டு பொருத்தப் போகிறீர்கள் என்றால் பின் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மைய தூரம் அளப்பதில் இந்தப் பின்கள் காட்டும் பலன் தனி. இரண்டு ஓட்டைகளிலும் இறுக்கமாகப் பொருந்தும் பின்களை விட்டு, வெளிப்பக்க அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து, இரண்டு விட்டங்களின் கூட்டில் பாதியைக் கழியுங்கள். பின்கள் 6.00, 8.00, வெளி அளவு 47.02 என்றால் மைய தூரம் 40.02. பின்களில் சற்று ஆட்டம் இருந்தால் உள் இடைவெளியையும் அளந்து, வெளி அளவுடன் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒன்று பின்களை உள்ளே தள்ளும், மற்றது வெளியே தள்ளும், ஆட்டத்தால் வரும் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும்.

வாங்கியவுடன் பத்துப் பின்களையாவது எடுத்து, 0.001 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரில் இரு முனையும் நடுவும் சரிபாருங்கள். 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர் இந்த வேலைக்கு உதவாது. சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் (முனைகளைப் பிடிக்காமல் இரு சக்கரங்களுக்கு இடையே உருட்டிக் கிரைண்ட் செய்யும் முறை) பின்னுக்கே மும்முனை வடிவம் வரலாம், மைக்ரோமீட்டர் அதைக் கண்டுபிடிக்காது. வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டை) வைத்து நுண்மையான டயல் இண்டிகேட்டருக்குக் கீழே உருட்டினால் முள் ஆடுவதில் தெரிந்துவிடும்.

துருதான் இவற்றின் பெரிய எதிரி. விரல் ஈரம் போதும், மறுநாள் பழுப்புப் புள்ளி வரும். ஒவ்வொரு முறையும் துடைத்து, எண்ணெய் பூசி, எடுத்த குழியிலேயே வையுங்கள். மெல்லிய பின்களில் அளவு பொறித்திருக்காது, இடம் மாறினால் மறுபடி அளந்தே கண்டுபிடிக்க வேண்டும். காந்தம் ஏறிவிட்ட கேஜ் பின் இரும்புத் தூளை இழுத்துக்கொண்டு ஓட்டைக்குள் போகும், அதைக் காந்த நீக்கியில் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ரீமர், போரிங் (ஓட்டையை உள்ளே கடைந்து பெரிதாக்குவது), டவல் பின் (இரு பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் முளை) பொருத்தம் என்று வேலை செய்யும் வீட்டுப் பட்டறைக்கு இசட்-இசட் மைனஸ் தாராளமாகப் போதும். எக்ஸ் தரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நல்ல மைக்ரோமீட்டரில் போடுவது மேல், ஏனென்றால் பின்னின் உண்மையான விட்டம் தெரிந்துவிட்டால் 5 மைக்ரான் விலகல் ஒரு பொருட்டே அல்ல. 0.251 முதல் 0.500 வரையுள்ள 250 பின் செட்டை அடுத்ததாக வாங்கலாம். 0.060-க்குக் கீழே உள்ள மெல்லிய பின் செட்டை, அந்த அளவில் டிரில் போடும் வேலை வரும்வரை தள்ளிவையுங்கள். அவை வளைவதும் தொலைவதும் மிகச் சுலபம்.