முதல் வேலை, முதல் வாடகை வீடு: ஓஎம்ஆரா, வேளச்சேரியா, குரோம்பேட்டையா?

கல்லூரி முடித்து சென்னையில் ஐ.டி. வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஆபீஸ் பெரும்பாலும் ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில்தான் அமைகிறது. உடனே சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் வீடு தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். என் கருத்து வேறு. முதல் வீட்டை ஆபீஸை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ரயிலை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் வேலையிலேயே நெடுநாள் இருப்பவர்கள் குறைவு. அதே கம்பெனியில் இருந்தாலும் சிறுசேரி ஆளைத் திடீரென்று கிண்டிக்கோ போரூருக்கோ மாற்றிவிடுவார்கள். வேலை மாறுகிற வேகத்துக்கு வீடு மாற முடியாது. அட்வான்ஸும் பதினோரு மாத ஒப்பந்தமும் நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

ஓஎம்ஆருக்கு இருக்கும் வசதிகளை மறுக்கவில்லை. ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம். வீடுகள் புதியவை, லிஃப்ட், செக்யூரிட்டி எல்லாம் உண்டு. மற்ற ஏரியாக்களில் "ஃபேமிலிக்கு மட்டும்" என்று போர்டு தொங்கும்போது இங்கே பேச்சுலர்களுக்கும் தனியாக வரும் பெண்களுக்கும் வீடு கொடுக்க அவ்வளவு தயங்குவதில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

இங்கே பிரச்சினை தண்ணீர்தான். பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் இன்னும் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அந்தச் செலவு வாடகையில் தெரியாது, மெயின்டனன்ஸ் என்ற பெயரில் வரும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது இந்தச் சாலையில் இருந்த சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை மறந்துவிட வேண்டாம். அதனால் வீடு பார்க்கப் போகும்போது ஓனரிடம் மட்டும் கேட்காதீர்கள். வாட்ச்மேனிடம் "வாரத்துக்கு எத்தனை லாரி வருது?" என்று கேளுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கும். இன்னொன்று, சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் இப்போதைக்கு ரயில் கிடையாது, எங்கே போனாலும் சாலைதான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ வேலை நடக்கிறது. அது ஓட ஆரம்பித்தால் இந்தக் கணக்கை நானே மாற்றிச் சொல்வேன்.

அடுத்தது வேளச்சேரி. பலரும் நடுவழி என்று தேர்ந்தெடுக்கும் இடம். மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயில் 2007இல் இங்கே வந்தது. தரமணியிலோ டைடல் பார்க்கிலோ ஆபீஸ் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. டைடல் பார்க்குக்குத் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கினால் போதும். மெஸ், கையேந்தி பவன், மால் எல்லாம் பக்கத்திலேயே. ஆனால் பறக்கும் ரயில் புறநகர் ரயில் அளவுக்கு அடிக்கடி வருவதில்லை. அதன் ஸ்டேஷன்கள் பெரிய பெரிய கட்டடங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பல இடங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. தனியாக வருகிற பெண்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

வேளச்சேரியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவது மழை. ஏரி சுருங்கி வீடுகளாகிவிட்டது. இங்கே சேரும் வெள்ளம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக ஓஎம்ஆரைக் கடந்து, பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கிப்போன பிறகு அந்தத் தண்ணீர் எங்கே நிற்கும்? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருக்களில்தான் நின்றது. அங்கேதான் வீடு வேண்டும் என்றால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. பைக் எங்கே நிற்கும் என்பதையும் பாருங்கள்.

குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் வந்தால் வீடுகள் கொஞ்சம் பழையவை. லிஃப்ட் இருக்காது. ஓனர் கீழ்வீட்டிலேயே இருப்பார், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கவனிப்பார். சிலருக்கு இது எரிச்சல். ஆனால் அதே வசதியுள்ள வீட்டுக்கு வேளச்சேரியைவிட வாடகை பொதுவாகக் குறைவு. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கி கிட்டத்தட்ட நள்ளிரவு வரை வண்டி உண்டு, குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். கிண்டியில் இறங்கினால் மெட்ரோ பிடிக்கலாம். ஆக, அடுத்த வேலை கிண்டியோ நுங்கம்பாக்கமோ தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமோ, எதுவானாலும் வீட்டை மாற்றத் தேவையில்லை. ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னும் லாபம். தென்மாவட்ட ரயில்கள் பல தாம்பரத்தில் நிற்கின்றன, கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் பக்கம்.

ஓஎம்ஆரில் ஆபீஸ் என்றால் இங்கிருந்து தினமும் அலைச்சல்தான். பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி சாலையில் காலை நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். ஆபீஸ் கேப் உள்ளவர்களுக்குப் பரவாயில்லை. இல்லாதவர்கள், அதிலும் சிறுசேரி வரை போகிறவர்கள், முதல் வருடம் மட்டும் ஓஎம்ஆரில் ஹாஸ்டலிலோ பிஜியிலோ இருப்பது நல்லது. ஒப்பந்தம் போட்டு வீடு எடுக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. தாம்பரத்திலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வெள்ளம் வரும், அங்கே போகாதீர்கள்.

சைதாப்பேட்டை, கிண்டியில் மெட்ரோ, மின்சார ரயில் இரண்டும் உண்டு. நாலு பேர் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும். பேச்சுலர்கள் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சரி. வேலைக்குப் போகும் பெண்கள் தாம்பரம், கூடுவாஞ்சேரியில் உள்ள அரசின் தோழி விடுதிகளையும் விசாரிக்கலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அவர்களின் போக்குவரத்துக் கணக்கு ஆண்களின் கணக்கைப் போல இருக்காது.

எந்த ஏரியா ஆனாலும் அட்வான்ஸில் ஏமாறாதீர்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 12,000 ரூபாய் வாடகை என்றால் 36,000. ஓனர் 1,20,000 கேட்டால் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பேசுங்கள். கரண்ட் பில் ஈபி கார்டின்படியா, யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையா, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.