ஒரு காணி நிலம், இரண்டு பத்திரம்

சவுக்குத் தோப்பின் தென்மேற்கு மூலையில் சர்வேயர் கடப்பாரையால் மூன்று இடங்களில் குத்திப் பார்த்தார். மண்தான் வந்தது. நான்காவது இடத்தில் ‘டங்’ என்று சத்தம் கேட்டதும் அத்தை வரப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டார். முழ ஆழம் தோண்டியபின் கருங்கல்லின் தலை தெரிந்தது. உச்சியில் உளியால் கொத்திய குறி. சர்வேயர் அதை உள்ளங்கையால் துடைத்து, நில அளவை வரைபடமான புலப்படத்தில் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்து, “இதுதான் சார்” என்றார். “உங்கள் தாத்தா களை எடுக்க வந்தால் என்னை இந்தக் கல்லின் மேல்தான் உட்கார வைப்பார், கண்ணு” என்றார் அத்தை. அந்த ஒரு கல்லைக் கண்டுபிடிக்கத்தான் அடிலெய்டிலிருந்து வந்து கடலூரில் 19 நாள் தங்கினேன் என்று சொல்லலாம்.

தாத்தா 1961-ல் கிரயம் வாங்கிய நிலம் அது. ஒரு காணி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விளைந்த மண். இப்போது சவுக்கு நிற்கிறது. அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஊருக்கு வருமுன்பே அரசு இணையதளத்தில் தேடிப் பார்த்தபோது தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் கிழக்குக் காணிக்காரரின் பெயரும் இருந்தது. கூட்டுப் பட்டா. தாத்தா யாரோடும் கூட்டாக எதையும் வாங்கியதில்லை. 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் நடந்த யூ.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பில் பழைய சர்வே எண்கள் மாறியபோது, இரண்டு காணிகளும் ஒரே எண்ணுக்குள் விழுந்துவிட்டன. கிராமத்தில் கேட்டால் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை இருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் ஒரு மனுவோடு போயிருக்கும். நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலான வில்லங்கச் சான்றையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்க முடிகிறது. இந்த வசதியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதில் 2009-ஆம் ஆண்டுக் கிரயம் ஒன்று இருந்தது. கிழக்குக் காணியை விற்றிருக்கிறார்கள். நகல் எடுத்துப் படித்தால், செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், மேற்கு எல்லையாகக் குறித்திருந்தது எங்கள் வரப்பை அல்ல, எங்கள் நிலத்துக்குள் இருந்த பழைய வாய்க்காலை. அதனால் எங்கள் நிலத்தில் 20 சென்ட் அந்தப் பத்திரத்துக்குள் போய்விட்டது. ஆக, அந்த 20 சென்ட்டுக்கு இரண்டு பத்திரங்கள். இரண்டுமே முறையாக முத்திரைத் தீர்வை கட்டிப் பதிவு செய்யப்பட்டவை.

வாங்கியவரைப் பார்க்கப் போகும்போது எனக்குக் கோபம் இருந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய அரை மணி நேரத்தில் அது போய்விட்டது. சவூதியில் 12 ஆண்டு உழைத்த பணத்தில் வாங்கியிருக்கிறார். பத்திர எழுத்தர் எழுதியதை நம்பினார். பதிவாகிவிட்டது என்பதால் அரசே ஒப்புக்கொண்டதாக நினைத்தார். “பதிவு செய்துவிட்டால் சொந்தம்தானே சார்?” என்று அவர் கேட்டபோது, என் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது.

சொந்தம் இல்லை. நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம், உரிமை அல்ல. இன்னார் இன்னாருக்கு இன்ன தேதியில் எழுதிக்கொடுத்தார் என்பதற்குத்தான் சார்பதிவாளர் அலுவலகம் சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ-யின் கீழ், முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று கேட்டு வந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. உரிமையை ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்பதே காரணம். பட்டாவோ வருவாய்த் துறையின் கணக்கு. அதுவும் முடிவான உரிமைச் சான்று ஆகாது. தாய்ப் பத்திரம், வில்லங்கம், பட்டா, புலப்படம், நிலத்தை யார் அனுபவித்து வருகிறார் என்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித்தான் ‘இது என் நிலம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் குடியிருக்கும் ஊரில் இப்படி இல்லை. அடிலெய்டில் வீடு வாங்கியபோது முந்தைய உரிமையாளர்களின் பத்திரம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஒரு பதிவேட்டு எண். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசு பொறுப்பு. இந்த முறை பிறந்ததே அந்த ஊரில்தான். அங்கே சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டாரன்ஸ், கப்பல்களுக்கு ஒரு பதிவேடு இருப்பதுபோல நிலத்துக்கும் இருக்கலாமே என்று வாதாடி, 1858-ல் சட்டமாக்கினார். மலேசியாவும் சிங்கப்பூரும் இதே வழியில்தான் நடக்கின்றன.

செலவு என்று பார்த்தால் அங்கும் குறைவில்லை. தீர்வையும் பதிவுக் கட்டணமும் மதிப்புக்கு ஏற்ப ஏறும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் நிலத்துக்கு 90,000 ரூபாய். அவ்வளவு கட்டியும் நம் கைக்கு வருவது சாட்சிதான், உத்தரவாதம் அல்ல என்பது எனக்குப் பொறுக்கவில்லை. சவூதிப் பணம் கட்டிய அந்த மனிதருக்கு 20 சென்ட் குறைந்தபோது ஈடு கொடுக்க யாரும் இல்லை. டாரன்ஸ் முறையில், பதிவேட்டின் பிழையால் இழந்தவருக்கு இழப்பீடு கொடுக்கவே ஒரு நிதி உண்டு.

அப்படியானால் இங்கும் நாளைக்கே கொண்டுவந்துவிடலாமா? பேராசிரியர் வாத்வா 1989-லேயே மத்திய அரசுக்கு இதைப் பரிந்துரைத்தார். ஆந்திரம் 2023-ல் ஒரு நில உரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பு வலுத்து, ஆட்சி மாறியபின் 2024-ல் திரும்பப் பெற்றது. மக்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. உத்தரவாதமுள்ள பதிவேட்டில் ஒரு தவறு ஏறிவிட்டால், அதை நம்பி வாங்கியவருக்குத்தான் பெரும்பாலும் நிலம். பழைய சொந்தக்காரருக்குப் பணம் மட்டுமே மிஞ்சும். யூ.டி.ஆர். பிழைகளோடு இன்றைய பட்டாவை அப்படியே முடிவான உரிமை என்று அறிவித்தால், அத்தை உட்கார்ந்த கல் மண்ணுக்குள் இருக்க, அதன் மேல் வேறொருவர் பெயர் நிலைத்துவிடும். வயலை அளக்க வேண்டும். ஊரில் இல்லாதவர்களுக்கும் கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் அறிவிப்பு போக வேண்டும். ஆட்சேபிக்கப் போதிய காலம் வேண்டும். இழப்பீட்டு நிதி காகிதத்தில் இல்லாமல் கஜானாவில் இருக்க வேண்டும். இவை முடிந்தபின் வரட்டும், வரத்தான் வேண்டும்.

இந்த மண்ணுக்கு எல்லைத் தகராறு புதிதும் அல்ல. 1690-ல் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை எல்லாம் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

எங்கள் வேலை எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இ-சேவை மையத்தில் மனு கொடுத்தது எளிது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதன்பின் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். மூன்று முறை ‘அதிகாரி வெளியே போயிருக்கிறார்’. விமான டிக்கெட் எடுத்து வந்தவனுக்கே இந்த நிலை என்றால், கூலி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு எவ்வளவு இழப்பு என்று அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். கல் கிடைத்தபின் எல்லாம் வேகமாக நடந்தது. கிழக்கு நிலத்துக்காரர் அளவை ஏற்றுக்கொண்டார். விற்றவர் இப்போது இல்லை. அவர் மகன்கள் இருவரும் வந்து பிழைத்திருத்தல் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். செலவை நான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்தது பாகப்பிரிவினை. “அத்தையிடம் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிவிடுங்கள், சுலபம்” என்று, அதாவது தன் பங்கை அவர் விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கச் சொல்லி, பலர் சொன்னார்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போனவர். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அத்தையின் பங்கு அத்தைக்குத்தான். குடும்பத்துக்குள் பிரித்துக்கொண்டால் தீர்வை 1 சதவீதம், ஒவ்வொரு பங்குக்கும் அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், ஒவ்வொரு பங்குக்கும் அதிகபட்சம் 10,000. நான் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட, அங்கிருந்தே அதிகாரப் பத்திரம் அனுப்பவும் வழி உண்டு. தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் தீர்வை செலுத்த வேண்டும். நேரில் வந்தது நல்லதாயிற்று.

சார்பதிவாளர் முன்னால் அத்தையின் கட்டைவிரல் ரேகையைக் கருவி இரண்டு முறை ஏற்கவில்லை. 74 வயதுவரை அடுப்பிலும் கதிர் அரிவாளிலும் தேய்ந்த விரல். முந்தானையில் துடைத்துவிட்டு மூன்றாம் முறை வைத்தார்; ஏற்றுக்கொண்டது. பிறகு பெயரை எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினார். வெளியே வந்ததும், “அண்ணன் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்” என்றார்.

உட்பிரிவுப் பட்டாவுக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நடுவில் ஊன்ற வேண்டிய இரண்டு கற்களும் அத்தை வீட்டுத் திண்ணையோரம் கிடக்கின்றன. சவுக்கு வெட்டு முடிந்ததும் வந்து நட்டுத் தருவதாக சர்வேயர் சொல்லியிருக்கிறார்.