மேல வீதியில் ஒரு புதிய நெற்கிடங்கு

பாபநாசம் வட்டத்தில், சிவன் கோயிலின் மேல வீதியையொட்டிய எங்கள் பழைய மனையில், சென்ற ஆண்டு ஆவணியில் 40 அடிக்கு 20 அடி அளவில் ஒரு நெற்கிடங்கு கட்டி முடித்தோம். வரைபடத்திலிருந்து கட்டுமானம் வரை முழுப் பொறுப்பையும் இளம் கட்டடக்கலைஞர்களின் சிறு குழு ஒன்றிடம் விட்டிருந்தோம். குறுவை, சம்பா என இரண்டு போக நெல்லையும் அதில் வைத்து எடுத்த பிறகே அவர்களுடைய பணியைப் பற்றி எழுதுகிறேன்.

திருப்பாலைத்துறைக் கோயிலில் உள்ள நாயக்கர் காலச் செங்கற்களஞ்சியத்தைப் போல உச்சியில் ஒரு கூம்பு வேண்டும் என்பது என் தந்தையாரின் ஆசை. அவர்கள் மறுத்துப் பேசாமல் அவரை அந்தக் களஞ்சியத்துக்கே அழைத்துச் சென்று, அதன் வட்டச் சுவர் நெல்லைக் குவியலாகக் கொட்டிவைப்பதற்குப் பொருந்திய வடிவம் என்றும், மூட்டை அடுக்கும் நமக்கு நேர்ச்சுவரும் மூலைகளுமே பயன்படும் என்றும் பொறுமையாக விளக்கினார்கள். தந்தையார் ஒப்புக்கொண்டார். பழமையை ஒப்பனையாக ஒட்டவைக்காத அந்த நேர்மைதான் இந்தக் குழுவிடம் எனக்கு மிகவும் பிடித்தது. மாறாக, வீதியில் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளின் இறவாரம், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பு, எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, கிடங்கின் இறவாரத்தையும் அதே மட்டத்தில் நிறுத்தி, உள்ளே வேண்டிய உயரத்தைக் கூரையின் சரிவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தேரடியில் நின்று பார்த்தால் கோபுரத்தை எதுவும் மறைக்கவில்லை.

வெறும் தகரக் கூரை இரவில் வியர்த்து மூட்டைமேல் சொட்டும் என்பது டெல்டா விவசாயிகள் அறிந்ததே. இங்கே தகரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு ஓடு வேய்ந்திருப்பதால் சூடும் வியர்வையும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. தரைமட்டம் டிராக்டர் டிரெய்லரின் உயரத்துக்கு ஏற்றப்பட்டிருப்பதால், சுமைதூக்குவோர் மூட்டையைக் குனிந்து தூக்காமல் நேராக உள்ளே கொண்டுசெல்கிறார்கள். காற்றுக்காக விட்ட செங்கல் துளைகளுக்குப் பின்னால் சுண்டெலியும் நுழைய முடியாத 6 மில்லிமீட்டர் கம்பிவலை இருக்கிறது. எலி அதன்வழி ஏறாதபடி, படிக்கட்டும் சுவரோடு ஒட்டாமல் தனியே நகர்த்தி வைக்கும்படி அமைந்திருக்கிறது. 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து அடுக்கிய சம்பா நெல்லில் இதுவரை பூஞ்சை வாடையே இல்லை.

குறையும் உண்டு. ஐப்பசி மழையில் வடக்குப் பக்க மழைநீர்க் குழாயின் இணைப்பு ஒழுகி, நான்கு மூட்டை குறுவை நெல் நனைந்து முளைவிட்டது. தகவல் சொல்லிப் பதினொரு நாள் கழித்தே வந்தார்கள்; வந்தபின் கூலி வாங்காமல் இணைப்பை முழுவதும் மாற்றித் தந்தார்கள் என்றாலும், மழைக்காலத்தில் பதினொரு நாள் என்பது நெல்லுக்கு மிக நீண்ட காலம். முதலில் சொன்ன மதிப்பீட்டைவிடச் செலவும் கூடியது. பெரும்பகுதி ஓட்டு வேலைக்கானது. இத்தகைய குழுவிடம் கிடங்கு கட்டக் கொடுப்பவர்கள், முதல் மழைக்காலப் பழுதுகளை எத்தனை நாளில் வந்து பார்ப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.