பழைய கடிதத்தைச் சீரமைத்துத் தரும் டிஜிட்டல் சேவை: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கறை, மடிப்புக்கோடு, மங்கிய மை. இந்த மூன்றுக்கும் காசு கொடுத்து ஆள் வைப்பது வீண் போகாது. கிழிந்து தொலைந்த துண்டில் இருந்ததையும் 'மீட்டுத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். தாளில் இல்லாத எழுத்தை யாராலும் மீட்க முடியாது, ஊகித்து வரையத்தான் முடியும்.

ஆளின் தரம் முதல் பேச்சிலேயே தெரிந்துவிடும். 'ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்க, போதும்' என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நல்லவர் ஃபிளாட்பெட் ஸ்கேனரில் (தாளைக் கண்ணாடிமேல் படுக்க வைக்கும் வகை) 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் ஃபைல் கேட்பார். ஏ4 தாள் ஒன்றுக்கு அது ஏறக்குறைய 100 எம்பி வரும். அதை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் பாழாகும். டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பதே சரி. தாளை உள்ளே இழுக்கும் ஃபீடர் ஸ்கேனர் பக்கமே போகக் கூடாது, மடிப்பில் இற்றுப்போன தாள் அங்கே இரண்டாகிவிடும். சிஐஎஸ் எனப்படும், சென்சார் கண்ணாடிக்கு நெருக்கமாக அமைந்த மெலிதான ஸ்கேனர்களில் கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டுமே கூர்மையாக விழும், சுருக்கம் மேலே தூக்கி நிற்கும் இடம் மங்கிவிடும். அதற்காகத் தாளை இஸ்திரி போடவோ, பழுப்பேறிய செலோடேப்பை உரிக்கவோ வேண்டாம். டேப்போடு மையும் சேர்ந்து வந்துவிடும். டேப்பை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், அதன் நிறத்தைத் திரையில் எடுத்துவிடலாம்.

தேர்ந்தவரின் கைவண்ணம் கறை நீக்குவதில் தெரியும். நீல மையில் எழுதிய கடிதத்தின் மேல் தேநீர் கொட்டியிருக்கிறது என்று வையுங்கள். வண்ணப்படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களால் ஆனது; அதில் சிவப்புச் சேனலை மட்டும் பார்த்தால் பழுப்புக் கறை ஏறக்குறைய மறைந்து, எழுத்து கறுப்பாக நிற்கும். அந்தச் சேனலைக் கறை பட்ட இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (மற்ற இடத்தை மறைத்து) பயன்படுத்துவார்கள். அவசரக்காரர்கள் முழுத்தாளுக்கும் போட்டுவிடுவார்கள். அப்போது தாளில் இருந்த சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் கறையோடு சேர்ந்து காணாமல் போகும். மையே பழுப்பாக மாறியிருந்தால் இந்த வழி உதவாது. அதற்கு நீலச் சேனல் வேண்டும், ஆனால் அதில் கறையும் சேர்ந்து கறுக்கும் என்பதால் கையால் செய்யும் வேலை இரட்டிப்பாகும். அதற்குக் கூலி கூடுதலாகக் கேட்டால் அது நியாயமே.

தமிழ்க் கையெழுத்துக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. தூசியும் கீறலும் நீக்கும் ஃபில்டரை முழுத்தாளுக்கும் ஓட்டினால், பூஞ்சைப் புள்ளியோடு மெய்யெழுத்தின் புள்ளியும் போய்விடும். 'கண்' என்று எழுதியிருந்தது 'கண' என்று ஆகிவிடும். மடிப்புக்கோடு ஓடிய வரியில் ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாத இடத்தில் ஹீலிங் பிரஷ் என்னும் ஒட்டுப்போடும் கருவி பக்கத்து மையை இழுத்து மூன்றாவதாக ஒரு வடிவத்தை உண்டாக்கும். அதனால் தமிழ் படிக்கத் தெரியாதவரிடம் தமிழ்க் கடிதத்தைக் கொடுப்பதானால், தட்டச்சு செய்த பிரதி ஒன்றையும் கூடவே அனுப்புங்கள்.

ஏஐ செயலிகள் நொடியில் முடித்துத் தருகின்றன. பின்னணிக் கறைக்கு மட்டும் அவை பரவாயில்லை. எழுத்தில் கை வைத்தால் எழுத்து போலத் தோன்றும் கிறுக்கலைப் போட்டு நிரப்புகின்றன. மங்கிய படத்தில் முகத்தைக் கூர்மையாக்கினால் வருவது வேறொருவரின் கண்ணும் பல்லும். குடும்பத்தார் பார்த்ததும் 'இது அவங்க இல்லையே' என்பார்கள். சேவை தருபவர் ஏஐ பயன்படுத்துகிறாரா, எந்தப் பகுதிக்கு என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பலரும் தாளை வெள்ளை வெளேரென்று ஆக்கித் தருவதைத் திறமையாக நினைக்கிறார்கள். எங்கள் பார்வையில் அது கெடுதல். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸை அந்த அளவுக்கு ஏற்றும்போது ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு முதலில் அழியும், தாளின் விளிம்பும் போய்விடும். லேசான மஞ்சளை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கூலி பேசும்போதே இவற்றையும் பேசிவிடுங்கள்: லேயர்களை (படத்தின் தனித்தனி அடுக்குகளை) ஒன்றாக்காமல் வைத்த பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) அல்லது டிஃப் ஃபைல், அச்சுக்கு 300 டிபிஐ பிரதி ஒன்று, ஊகித்து நிரப்பியவை அனைத்தும் தனி லேயரில். அந்த ஒரு லேயரை அணைத்தால் உண்மையில் மிஞ்சியது எது என்று தெரிய வேண்டும். ஜேபெக் மட்டும்தான் தருவேன் என்பவரிடம் பிறகு திருத்தம் கேட்க வழியில்லை. ஃபைல் கைக்கு வந்ததும் 100 சதவீத அளவில் மூல ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பெயர், தேதி, கையொப்பம் மூன்றையும் முதலில் பாருங்கள். மீதித் தொகை அதற்குப் பிறகுதான்.

அசல் தாளை லேமினேட் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சூட்டில் உருகி ஒட்டிய பசையைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம். அமிலமற்ற காகித உறையில் மடிக்காமல் வைத்தால் போதும்.